பட்டறைக்கு வந்தால் மட்டும் ஓடும் வேன்

பியோங்தாக்குக்கு மீன் வாடை ஆகாது. யங்டோ தீவில் பிறந்து, அங்கேயே கல்யாணம் கட்டி, அங்கேயே பட்டறையும் வைத்திருக்கிற மனிதர் இப்படிச் சொன்னால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். தீவுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் தென்கொரியாவின் பூசான் நகரத்துப் பெரிய மீன் சந்தை, இந்தப் பக்கம் மீன்பிடிக் கப்பல்களைச் செப்பனிடும் பட்டறைகள். நடுவே வீசுகிற காற்றில் பாதி உப்பு, மீதி மீன். ஆனாலும் அவருக்கு ஆகாது. அவர் மனைவி புன்ஹீக்குக் கானாங்கெளுத்தி வறுத்துத் தின்ன ஆசை வந்தால் தங்கை வீட்டுக்குப் போவாள். தின்று, பல் துலக்கி, சட்டையை உதறிக்கொண்டுதான் வீடு திரும்புவாள்.

காரணம் ஒரு கப்பல். இளம் வயதில் அவர் கப்பல் பட்டறையில் மின்வேலை பார்த்தார். இழுவலைக் கப்பல் ஒன்றின் மீன் கிடங்குக்குள் வயர் மாற்ற இறங்கியிருந்தபோது, உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் மேலே இருந்தவர்கள் ஏணியை உருவிக்கொண்டு, மூடியையும் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். விளக்கும் அணைந்துபோனது. முழங்கால் வரை அழுகிய மீன் தண்ணீர். கத்திப் பார்த்தார், இரும்புச் சுவர்களுக்குள் அவர் குரலே அவரைச் சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் மூடியைத் திறந்து வெளியே இழுத்துப் போட்டபோது அவரால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. மறுநாள் வேலைக்குப் போகவில்லை. அதற்கப்புறமும் போகவில்லை. ஒரு டாக்சி கம்பெனிக் கொட்டகையில் சேர்ந்து கார் வயரிங் கற்றுக்கொண்டார். கப்பலை ஏன் விட்டாய் என்று கேட்டவர்களிடம், "காருக்குக் கதவு இருக்குப்பா, தோணினா எறங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். கிடங்குக்குள் நடந்ததைக் கட்டின மனைவியிடமும் சொன்னதில்லை.

பட்டறை சின்னது. ஒரு வண்டி உள்ளே நின்றால் இன்னொன்று தெருவில் நிற்கும். எஞ்சினைத் தொட மாட்டார், பிரேக்கைத் தொட மாட்டார். வண்டியில் மின்சாரம் ஓடுகிற இடம் எதுவோ அது மட்டும் அவருடையது. கோபக்காரர் என்று பெயர். "கோவமெல்லாம் வண்டி மேலதாங்க, உங்க மேல இல்ல" என்று புன்ஹீ வருகிறவர்களுக்குச் சமாதானம் சொல்லி, காப்பி கலந்து கொடுத்து உட்கார வைப்பாள். அடுத்த கடையில் டயர் மாற்றும் மா, காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே குரல் கொடுப்பான்: "அண்ணே, இன்னைக்கு எந்த வண்டியோட சண்டை?"

அந்த வருடம் மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் சுன்தோக்கின் வேனோடு சண்டை ஆரம்பித்தது.

சுன்தோக் அவரைவிடக் கொஞ்சம் மூத்தவள். ஒரு பழைய வெள்ளை வேனை வைத்துக்கொண்டு தனியாளாக மீன் வியாபாரம் செய்பவள். வேனின் பின்னால் ஒரு பெரிய தொட்டி. அதில் உயிரோடு நெளியும் கடல் விலாங்குகள். விலாங்கு சுட்டு விற்கிற கடைகளுக்கு அவை போகும். தொட்டிக்குப் பக்கத்தில் ஐஸ் பெட்டிகளில் கானாங்கெளுத்தி. அது மலைச்சந்துகளில் வீடு வீடாகப் போகும். வேன் தலைமேல் ஒலிபெருக்கி. அதில் அவள் குரலே பதிவாகி ஓடும்: "கானாங்கெளுத்தி வந்திருக்கு! இப்பத்தான் கரைக்கு வந்த கானாங்கெளுத்தி! கடல் விலாங்கு இருக்கு, உயிரோட இருக்கு, உயிரோட!"

முதல்முறை வந்தபோது அவள் வேனைப் பட்டறை வாசலில் நிறுத்தியதும் பியோங்தாக் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"மொதலாளி, மலைச்சந்துல போறப்ப எல்லாமே செத்துப் போகுது. ரேடியோ நிக்குது, ஒலிபெருக்கி நிக்குது, வைப்பர் பாதிக் கண்ணாடியில நிக்குது. கொஞ்ச நேரத்துல அதுவா வந்துடுது. எஞ்சின் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு."

"தெரிஞ்ச வியாதிதான்" என்றார் பியோங்தாக் கைக்குட்டைக்குள்ளிருந்து. "ஆனா அக்கா, இப்படியே என்னால உள்ள உக்கார முடியாது. தொட்டியை எறக்கி வச்சுட்டு, வண்டியை நல்லாக் கழுவிக் கொண்டுவாங்க. அப்ப பாக்கறேன்."

மறுநாள் தொட்டியை வீட்டில் இறக்கிவைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, எலுமிச்சை வாசனை வருகிற வேனோடு வந்தாள்.

அவருக்கு வியாதி தெரிந்ததுதான். வண்டியில் சாவியை முதல் படிக்குத் திருப்பினால் எஞ்சின் ஓடாமலே ரேடியோவும் மற்ற உபரிச் சாமான்களும் வேலை செய்யும். அத்தனை மின்சாரமும் சாவி வழியாகவே போனால் சாவிக்கூடு கருகிவிடும். அதனால் நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு ரிலே உட்கார்ந்திருக்கும். சாவியிலிருந்து வருகிற கொஞ்ச மின்சாரம் அதற்குள் இருக்கிற கம்பிச் சுருளைக் காந்தமாக்கும். காந்தம் ஒரு சின்ன நாக்கை 'டிக்' என்று இழுக்கும். நாக்கு ஒட்டியதும் பெரிய மின்சாரம் அந்த வழியே ஓடும். நாக்கு விழுந்தால் எல்லாம் ஒரேயடியாக நிற்கும். சுன்தோக் சொன்னதும் அதைத்தான்.

டேஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுத்து அந்த ரிலேயைப் பிடுங்கினார். ஹாரனுக்கும் அதே மாதிரி ரிலேதான் என்பதால் இரண்டையும் இடம் மாற்றிப் பொருத்திப் பார்த்தார். ஹாரன் அடித்தது, ரேடியோ பாடியது. பிடுங்கியதை உடைத்துப் பார்த்தார். நாக்கின் நுனி கொஞ்சம் கறுத்திருந்தது. அது போதும். புது ரிலே போட்டார். சுன்தோக் ஒலிபெருக்கியைப் போட்டுக் காட்டினாள். தெருவே அதிர்கிற மாதிரி அவள் குரல் எழுந்தது. ஒரு சொல்கூட விழவில்லை.

"முடிஞ்சுதுக்கா. போங்க."

அடுத்த வாரம் திரும்பி வந்தாள்.

"அதே வியாதி மொதலாளி. மலையில இறங்கறப்ப."

"தொட்டியைக் கழட்டியாச்சா?"

"கழட்டிட்டேன், கழுவிட்டேன். மோந்து பாருங்க வேணும்னா."

இந்தத் தடவை ரிலே உட்காரும் பொந்தைப் பார்த்தார். உள்ளே இருக்கிற பித்தளைப் பிடிகள் அகன்றுபோனால் ரிலே எவ்வளவு புதிதாக இருந்தும் பிரயோசனமில்லை. குலுங்குகிறபோது விட்டு விட்டுப் பிடிக்கும். மலையில் இறங்கும்போது வருகிறது என்றால் குலுக்கல்தான் காரணம் என்று முடிவு செய்தார். ஒவ்வொரு பிடியாக வெளியே எடுத்து, குறடால் நெருக்கி, பச்சை பிடித்த இடத்தைச் சுரண்டித் திரும்பப் போட்டார். கீழே படுத்தபடியே ரிலேயை விரலால் சுண்டினார், ஆட்டினார், ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் தட்டினார். ரேடியோ ஒரு முறைகூட விக்கவில்லை. சுன்தோக் ஒலிபெருக்கியைப் போட்டாள். "உயிரோட இருக்கு, உயிரோட!"

"இங்க மட்டும் நல்லா கத்துது பாருங்க" என்றாள் அவள் எரிச்சலாக. "உங்க மூஞ்சியைப் பாத்தா பயந்துடுது போல."

மா தன் கடையிலிருந்து சிரித்தான். "அக்கா, அண்ணன் போட்டோ ஒண்ணு வாங்கி கண்ணாடியில ஒட்டிக்கோங்க. வழியில நிக்காது."

பியோங்தாக்குக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் தொழிலில் அவரை வாட்டுவது கெட்டுப்போன வண்டி அல்ல. கெட்டது கெட்டதாகவே கிடந்தால் எப்படியும் பிடித்துவிடலாம். கெடுவதும் சரியாவதுமாக ஒளிந்து விளையாடுகிற பழுதுதான் அவர் தூக்கத்தைக் கெடுக்கும். புன்ஹீ சோறு போட்டால் ஸ்பூனைக் கையில் பிடித்தபடி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். "சூப்பு ஆறுதுங்க" என்று அவள் சொன்னால், "சாவிக்கூடா இருக்குமோ" என்பார்.

சாவிக்கூட்டையும் மாற்றினார். பழையதைத் திறந்து பார்த்தபோது அதில் குறை எதுவும் இல்லை. அதுவே அவருக்கு இன்னும் கோபமூட்டியது. ஃபியூஸ் ஒவ்வொன்றையும் கழற்றிக் கால்களைத் தேய்த்துப் போட்டார். பேட்டரி முனைகளை இறுக்கினார். சுன்தோக் போவாள், வருவாள். ஒவ்வொரு முறையும் அவள் சொல்கிற கதை மட்டும் கொஞ்சம் நீளும்.

"சந்துக்குள்ள 'கடல் விலாங்கு உயிரோட'ன்னு சொல்லிட்டு நின்னு போச்சு. ஒரு கிழவர் ஜன்னலைத் திறந்து, 'உயிரோட இருக்கா, போயிடுச்சா, சொல்லி முடிம்மா'ங்கறாரு. ஊரே சிரிக்குது."

"ம்."

"தொட்டிக்குக் காத்து ஊதற மோட்டாரும் சரியில்ல. குமிழி முன்ன மாதிரி வரல."

"அது மோட்டார் வித்தவன்கிட்ட கேளுங்க. எனக்கு வண்டி வேலை மட்டும்தான்."

"நான் சொல்றதக் கொஞ்சம்..."

"அக்கா, ஒரு நேரத்துல ஒரு வியாதி. மொதல்ல இதப் பாப்போம்."

ஒருநாள் அவருக்குப் பொறுக்கவில்லை. மலையில்தானே வருகிறது, மலைக்கே கொண்டுபோய்ப் பார்த்துவிடுவது என்று, கழுவித் துடைத்த வெறும் வேனைத் தானே எடுத்துக்கொண்டு கிளம்பினார். பக்கத்து இருக்கையில் மின்சாரம் அளக்கும் மீட்டரை வைத்து, அதன் வயர்களை ரிலேயில் மாட்டி, நிஜமாக எப்படி ஓடுமோ அப்படியே ஓடவேண்டும் என்பதற்காக ஒலிபெருக்கியையும் போட்டுவிட்டார். கடலைப் பார்த்துச் சரிகிற சந்துகளில் ஒரு கண் பாதையிலும் ஒரு கண் மீட்டரிலுமாக ஏறி இறங்கினார். முள் அசையவில்லை. ஒலிபெருக்கி ஓயவில்லை. "கானாங்கெளுத்தி வந்திருக்கு! இப்பத்தான் கரைக்கு வந்த கானாங்கெளுத்தி!"

ஒரு வளைவில் குறுக்கே ஒரு பெண் நின்றாள், கையில் அலுமினியக் கிண்ணம். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று நான்கு பேர். 

"நல்லதா நாலு குடுங்க. தலையை எடுத்துடுங்க."

"மீன் இல்லம்மா."

"இல்லயா? அப்ப எதுக்குய்யா கத்திக்கிட்டுப் போற?"

"வண்டி ரிப்பேரு. சோதிச்சுப் பாக்கறேன்."

"அது நல்லாத்தானே கத்துது! அதுல என்ன ரிப்பேரு? சுன்தோக் எங்க? நீ யாரு? வண்டியத் திருடிட்டு வந்தியா?"

பின்னாலிருந்தவள் வேனின் கதவைத் திறந்தே பார்த்துவிட்டாள். "உள்ள ஒரு செதில்கூட இல்லடி!" பியோங்தாக் காது சிவக்க ஒலிபெருக்கியை அணைத்தார். பின்னோக்கி எடுக்க வழியில்லை. அவர்கள் நடுவே ஊர்ந்துதான் கீழே போகவேண்டியிருந்தது. போகிற வழியெல்லாம் கிண்ணங்களோடு ஆட்கள் வாசலுக்கு வந்து கொண்டிருந்தார்கள்.

பட்டறைக்கு வந்து சாவியை மேசைமேல் எறிந்தார். "அந்த வண்டியில ஒரு குறையும் இல்ல. அந்தப் பொம்பளைக்குத்தான் ஏதோ குறை" என்று புன்ஹீயிடம் கத்தினார். அதே சமயம் வேனை எடுக்க வந்த சுன்தோக் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சாவியை எடுத்துக்கொண்டாள். "சரி மொதலாளி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். புன்ஹீ அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

சுன்தோக் வேறு பட்டறைக்குப் போய்விட்டாள் என்று அவர் நினைத்தார். போகட்டும் என்றும் நினைத்தார். அப்படியும் ஒரு சின்ன 'டிக்' சத்தம் எங்கே கேட்டாலும் தலை தானாகத் திரும்பியது. வேறொருவர் காரில் ஜன்னல் மோட்டாரைச் சரிபார்க்கும்போதும், அவருக்குள் சுன்தோக்கின் ரிலேதான் விழுந்து எழுந்துகொண்டிருந்தது.

அப்புறம் ஒரு பகல், அடைமழை. மலையிலிருந்து தண்ணீர் தெருவோடு ஓடிவந்துகொண்டிருந்தது. வெள்ளை வேன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, மூக்கை ஷட்டருக்குள்ளே நீட்டி நின்றது. வைப்பர் பாதியில் நின்றிருந்தது. சுன்தோக் இறங்கினாள், முகத்திலும் முடியிலும் தண்ணீர். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டே மலையிலிருந்து இறக்கி ஓட்டி வந்திருக்கிறாள்.

"வைப்பர் நின்னுடுச்சு. ஒரு பள்ளிக்கூடப் பொண்ணு மேல ஏத்த இருந்தேன். கடைசி நேரத்துல பாத்தேன்." முகத்துத் தண்ணீரைக் கையால் வழித்தாள். "நீங்க எனக்குத்தான் குறைன்னு சொன்னீங்க. சரி. வந்து பாருங்க. தொட்டி இருக்கு, மீன் இருக்கு, ஐஸ் இருக்கு. எதையும் எறக்க மாட்டேன். கழுவவும் மாட்டேன்."

திறந்த கதவு வழியே வாடை வந்து அவர் முகத்தில் அறைந்தது. ஐஸ் உருகிய தண்ணீர், செதில், விலாங்கின் கொழகொழப்பு எல்லாம் கலந்த வாடை. அவர் இரண்டடி பின்வாங்கினார். பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"எறக்கினாத்தான்..." என்று ஆரம்பித்தார்.

"இப்பவே கெட்டிருக்குங்க, இப்பவே பாருங்க!" என்று கத்தியது புன்ஹீ. அவள் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. மாகூட டயரை உருட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

பியோங்தாக் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே குனிந்தார். வண்டியின் கதவை விரியத் திறந்து வைத்தார்; ஒரு காலைத் தரையிலேயே ஊன்றிக்கொண்டார். சுன்தோக் சாவியைத் திருப்பினாள். பின்னால் தொட்டியின் மோட்டார் உறுமத் தொடங்கியது. ஒலிபெருக்கி வாயைத் திறந்தது.

"கானாங்—"

டிக்.

"—ளுத்தி வந்—"

டிக், டிக்.

அவர் அப்படியே உறைந்தார். அவ்வளவு நாளாக அவருக்குத் தலைகாட்டாத பழுது, விரலுக்கெட்டும் தூரத்தில், குளிரில் பல் தந்தியடிக்கிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. ரிலேமேல் விரலை வைத்தார். அதற்குள் நாக்கு துடிப்பது விரலில் தெரிந்தது. கொஞ்சம் கவனித்ததும் இன்னொன்றும் தெரிந்தது. ரிலே கண்டபடி விழவில்லை. ஒலிபெருக்கியில் அவள் குரல் ஓங்கும்போதெல்லாம் விழுந்தது. குரல் நின்றதும் எழுந்தது.

"அக்கா, பின்னாடி அந்த மோட்டாரை மட்டும் நிறுத்துங்க."

"மீன் செத்துடும்."

"ஒரு நிமிஷம்தான். நிறுத்துங்க."

மோட்டார் நின்றது. ஒலிபெருக்கி கணீரென்று கத்தியது, முதலிலிருந்து கடைசி வரை. "உயிரோட இருக்கு, உயிரோட!" மோட்டாரைப் போடச் சொன்னார். மறுபடி டிக், டிக், டிக்.

மீட்டரை எடுத்தார். ரிலேக்குச் சாவியிலிருந்து வருகிற மின்சாரம் குறைவில்லாமல் இருந்தது. இத்தனை நாளும் அவர் அளந்தது அந்தப் பக்கத்தைத்தான். வருவது சரியாக இருக்கிறதா என்று பார்த்தாரே தவிர, வந்தது திரும்பிப் போகிற வழியை, அந்த எர்த் பக்கத்தை, அளக்கவேயில்லை. வெறும் வேனில் அந்த வழி எப்போதும் அடங்கிக் கிடந்ததால் அதைச் சந்தேகப்படக் காரணமும் இல்லாமல் போயிற்று. இப்போது மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த்திலும் இன்னொரு முனையை ரிலேயின் எர்த் வயரிலும் வைத்தார். அங்கே ஒன்றுமே இருக்கக்கூடாது. மோட்டாரும் ஒலிபெருக்கியும் சேர்ந்து ஓடியபோது பேட்டரியின் மின்னழுத்தத்தில் பாதி அங்கே நின்றது.

அந்தக் கறுப்பு வயரைக் கையால் தொட்டுக்கொண்டே போனார். அது பக்கத்து இருக்கைக்குக் கீழே, ரப்பர் பாயின் அடியில் போனது. பாயைத் தூக்கினார். கீழே ஐஸ் தண்ணீர் தேங்கி நின்றது. அதற்குள் வண்டியின் தகட்டோடு ஒரு போல்ட். போல்ட் என்று சொல்லத்தான் வேண்டும், பார்வைக்குப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்த உப்புக்கட்டி. அதில் ரிலேயின் கறுப்பு வயர் இருந்தது. அதே போல்ட்டில், மேலே இன்னும் இரண்டு தடித்த கறுப்பு வயர்கள் முறுக்கிச் சொருகியிருந்தன. ஒன்று ஒலிபெருக்கிக்கு, இன்னொன்று தொட்டி மோட்டாருக்கு.

"இத யாரு போட்டது?"

"தொட்டி வித்த ஆளு. அப்பவே மாட்டிக் குடுத்தான்."

"அவன் கை விளங்காமப் போக!" என்று ஆரம்பித்தார் பியோங்தாக். இத்தனை வாரத்து எரிச்சலும் ஒருவனைத் தேடிக்கொண்டிருந்தது, கிடைத்துவிட்டான். "மூணையும் கொண்டுபோய் ஒரே ஆணியில மாட்டி, அதையும் உப்புத் தண்ணியில ஊற வச்சிருக்கான். துரு ஏறிப்போச்சு, வழி அடைச்சுப்போச்சு. மோட்டாரும் ஒலிபெருக்கியும் சேந்து தள்ளறப்ப ரிலேக்குப் பிடிச்சுக்க வலுவில்ல, கையை விட்டுடுது. விட்டதும் எல்லாம் நின்னுடுது. நின்னதும் பாரம் குறைஞ்சு மறுபடி பிடிக்குது. இப்படித்தான் விழுந்து விழுந்து எந்திரிச்சிருக்கு. குமிழி குறைஞ்சதும் இதாலதான். மலையும் இல்ல, குலுக்கலும் இல்ல. தொட்டியில மீனோட சந்துக்குப் போயி ஒலிபெருக்கியப் போட்டா வரும். இல்லன்னா வரவே வராது! அந்த மடையன் மட்டும் கையில கெடைச்சா..."

"ஏங்க" என்றாள் புன்ஹீ. குரல் இப்போது தாழ்ந்திருந்தது. "ஒவ்வொரு தடவையும் தொட்டியைக் கழட்டிட்டு வரச் சொன்னது யாரு?"

மா மெல்ல டயரை உருட்டிக்கொண்டு தன் கடைக்குள் போய்விட்டான்.

பியோங்தாக் மூக்கில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். முதலில் கோபமாக ஏதோ சொல்லத்தான் வாயெடுத்தார், வந்தது வேறு. கப்பல், கிடங்கு, ஏணி, மூடி, முழங்கால் வரை தண்ணீர். இரண்டு மூன்று வாக்கியங்களில், யாரையும் பார்க்காமல், ஸ்பானரைத் துடைத்தபடி சொன்னார். "அந்த வாடை வந்தா எனக்கு மூச்சு நின்னுடும். அதான். வேற ஒண்ணுமில்ல."

புன்ஹீ அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ வருடங்களாகத் தங்கை வீட்டில் போய் மீன் தின்றவள். "சொல்லியிருக்கலாமே" என்றாள்.

சுன்தோக் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் மோட்டார் நின்று நின்று ஓடியதில் விலாங்குகளில் பாதி வயிறு மேலாக மிதந்தன. மீதியும் வாயைத் திறந்து திறந்து மூடின. அவள் கத்தவில்லை, யாரையும் திட்டவில்லை. கையை உள்ளே விட்டுச் செத்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஐஸ் பெட்டியில் போட்டாள். அவள் கத்தியிருந்தால் அவருக்குத் தாங்கியிருக்கும்.

அவர் வேலையைத் தொடங்கினார். முதல் வேலை மீனுக்குத்தான். பட்டறையிலிருந்த தனி பேட்டரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டி மோட்டாருக்கு நேரடியாக மாட்டினார். குமிழி குபுகுபுவென்று கிளம்பியது. அப்புறம் பாயை வெளியே எறிந்து, தண்ணீரை ஒற்றி எடுத்து, அந்த உப்புக்கட்டியை உடைத்தார். போல்ட் சுழலவில்லை, தலை அறுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு துளைபோட்டு எடுத்தார். அங்கே மறுபடி எதையும் மாட்டவில்லை. ரிலேயின் எர்த்தை உயரே, தண்ணீர் எட்டாத டேஷ்போர்டுச் சட்டத்தில், பெயிண்டைச் சுரண்டிப் பளபளக்கும் தகட்டில் இறுக்கினார். மோட்டாருக்கும் ஒலிபெருக்கிக்கும் தடித்த வயர் இழுத்து, நேராக பேட்டரிக்கே கொண்டுபோய், ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸும் தனி ரிலேயும் வைத்தார். ஒவ்வொரு இணைப்பிலும் கிரீஸ் தடவினார். இடையிடையே எழுந்து வாசலுக்குப் போய் மழைக்காற்றில் முகத்தை நீட்டி மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி உள்ளே குனிந்தார். ஒருமுறை வாந்தியே எடுத்துவிட்டார். புன்ஹீ தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள், வாங்கிக் கொப்புளித்துவிட்டு, "அந்த எட்டாம் நம்பர் ஸ்பானர் எங்க?" என்றார்.

கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டார்கள். மோட்டார், ரேடியோ, வைப்பர், ஒலிபெருக்கி. பட்டறையின் தகரக் கூரை அதிர்ந்தது. அவர் மீட்டரை எர்த்தில் வைத்துப் பார்த்தார். முள் படுத்துக் கிடந்தது. ரிலேமேல் விரலை வைத்தார், அசைவில்லை. சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தார். வந்தது களைப்பும், தன் மேலேயே ஒரு கசப்பும்தான்.

"இன்னைக்கு விலாங்குக் கடைக்காரரு என்ன சொல்லுவாரு?" என்று கேட்டார்.

"என்ன சொல்லுவாரு? போன வாரம் அரையுயிரா கொண்டாந்தேன்னு கத்தினாரு. இன்னைக்கும் குறைஞ்சா வேற ஆள்கிட்ட வாங்கிக்கறேன்னுட்டாரு."

"நானும் வரேன்."

"நீங்க எதுக்கு? வாடை..."

"வரேன்னு சொல்றேன்ல. வண்டியை எடுங்க."

ஜன்னலை முழுக்க இறக்கிவிட்டு, மழை மடியில் தெறிக்க, முழங்கையை வெளியே தொங்கப்போட்டபடி அவர் உட்கார்ந்து வந்தார். கடைக்காரர் உயரமான, வெடுக்கென்று பேசுகிற மனிதர். தொட்டிக்குள் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். "பாதிதான் இருக்கு. போதும் சுன்தோக், நானும் எத்தனை தடவைதான்..."

"அவங்க தப்பில்ல" என்றார் பியோங்தாக். "என் தப்பு. வண்டி எர்த்துல பழுது. நாந்தான் கண்டுபிடிக்காம விட்டேன்."

"நீ யாருய்யா?"

"எலக்ட்ரீஷியன்."

"அப்ப எர்த்தைச் சரிபண்ணு. மீன் கடைக்கு எதுக்கு வந்தே?"

பியோங்தாக்குக்கு மறுபடி கோபம் தலைக்கேறியது. ஆனால் அவர் பதில் சொல்வதற்குள் சுன்தோக் வலையை எடுத்துத் தொட்டியிலிருந்த உயிருள்ள விலாங்குகளைக் கடைக்காரரின் வாளியில் கொட்டிவிட்டாள். அவை வாளியை அடித்துக்கொண்டு துள்ளின. கடைக்காரர் குனிந்து பார்த்தார். "இது துள்ளுது" என்று முணுமுணுத்தார். "சரி, நாளைக்கும் இதே மாதிரி துள்ளினா பாக்கலாம். துள்ளலைன்னா வராத."

அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் இறங்கிவரவில்லை. மறுநாள் துள்ளின. அதற்கடுத்த நாளும். அந்தக் கடைக்கு அவள் பிறகும் நெடுநாள் விலாங்கு கொண்டுபோனாள் என்று கேள்வி. ஆனால் அந்தக் கடைக்காரர் கடைசி வரை அவளைப் பாராட்டி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பியோங்தாக் அதன்பிறகு வண்டியை யாரிடமும் கழுவிக்கொண்டு வரச் சொல்லவில்லை. "எப்படி ஓட்டறீங்களோ அப்படியே கொண்டாங்க, மூட்டையோட கொண்டாங்க" என்பார். சிமெண்ட் மூட்டையோடும் முட்டைக்கோஸோடும் வண்டிகள் வந்து நின்று தெருவை அடைத்தன. மாவோடு தினம் சண்டை. "அண்ணே, இது பட்டறையா, மொத்தச் சந்தையா?" என்று அவன் கத்துவான். மீன் வண்டிகளுக்குள் மட்டும் அவர் இப்போதும் ஒரு காலைத் தரையில் ஊன்றியபடிதான் குனிவார். முகம் வெளிறும், நெற்றி வியர்க்கும். பழகிவிட்டது என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. வேலை பாதியில் இருக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால், முன்னைப் போலவே கத்துவார்.